பனிக்கடலுக்கு ஒரு கூம்புப் பை

திருப்பூர் நெருப்பெரிச்சலில் தங்கவேலு கம்பெனி எது என்று கேட்டால் டீக்கடைக்காரர் அங்கமுத்துகூடப் போட்ட டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து கை காட்டுவார். இதைத் தங்கவேலுவே எல்லோரிடமும் சொல்வார்; சொல்வதில் பொய்யும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பு சரி. பன்னிரண்டு வயதில் ஒரு பனியன் கம்பெனிக்குத் துணி மடித்துக் கொடுக்கப் போனவர், அறுபத்தாறு வயதில் எண்பது மெஷினுக்கு முதலாளி. அவர் கம்பெனித் தையல் பிரிந்தது என்று இன்றுவரை ஒருத்தன் சொன்னதில்லை. ஜெர்மனிக்காரன் வந்து இழுத்துப் பார்த்தான், டென்மார்க்காரன் வந்து இழுத்துப் பார்த்தான். கை வலித்ததுதான் மிச்சம்.

இப்பேர்ப்பட்ட மனுசர், ஒரு புதன்கிழமை காலையில் முழ அகலத்துக்கு வெள்ளை வலைத்துணியை மேஜையில் விரித்துப்போட்டுக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

துணி ரோஸ்மேரி கொண்டுவந்தது. அவர் கம்பெனியில் இருபது வருஷமாகத் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள் ஞானசெல்வம்; அவள் மகள். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். மகள் படித்துக் கடலாராய்ச்சியில் வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த மாதம் வடதுருவத்துக் கடலுக்குக் கப்பல் ஏறுகிறாள். அங்கே தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வலையால் அரித்தெடுத்து எத்தனை வகை என்று எண்ண வேண்டும். அந்த உயிர்களுக்குப் பிளாங்டன் என்று பேர். இருந்த வலைகளிலேயே நுண்ணியதைக் கிடங்கில் எலி கடித்துவிட்டது. புதுசு வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரமாகும். ஒரு வலைக்கு ஆகிற துணி மட்டும் கையில் இருந்தது. சனிக்கிழமை பெட்டிகள் கிளம்பிவிடும்; அதற்குள் தைத்துத் தர வேண்டும்.

"இது இல்லாம போனா என்னாகுங் கண்ணு?" என்று கேட்டார் தங்கவேலு.

"பெரிய ஓட்டை வலை இருக்குங்க முதலாளி. பெருசு பெருசா உள்ளது அதுல நிக்கும். பொடிசெல்லாம் நழுவிப் போயிரும். வகையில பாதிக்கு மேல பொடிசுதான். நான் எண்ணாம விட்டா, அந்தக் கடல்ல அதெல்லாம் இல்லைன்னே எழுதிருவாங்க."

"நம்ம கம்பெனி இருக்கையில உனக்கென்ன கவலை? விடு சாமி."

எதைப் பிடிக்கிற வலை என்று தெரியாமல் ஊசியில் நூல் கோக்கிற ஆளில்லை அவர். காட்டச் சொன்னார். ரோஸ்மேரி போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். கண்ணாடியில் செய்த மூடிபோட்ட டப்பா மாதிரி ஒன்று. கைகோத்துக்கொண்டு நீளமாகப் போகிற சங்கிலி ஒன்று. முள் வைத்த பம்பரம். வால் முளைத்த முட்டை. பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தது.

"இதெல்லாம் செடியா, பூச்சியா?"

"சிலது செடி மாதிரி வெயில்ல சாப்பாடு பண்ணிக்கும். சிலது அடுத்ததப் புடிச்சுத் திங்கும். ரெண்டையும் பண்றதும் இருக்கு."

"ரெண்டையுமா?" தங்கவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஏங் கண்ணு, ஐஸ் தண்ணில எப்படிப் பொழைக்குது? எங்க ஊட்டு பிரிட்ஜுல வெச்ச தயிரே புளிக்க மாட்டீங்குது."

"கோடையில அங்க ராப்பகலா வெளிச்சம்ங்க. பனி உருகுறப்ப கடலே பச்சையாயிரும். ஒரு சொம்புத் தண்ணியில நூறு தினுசு இருக்கும்."

தங்கவேலுவுக்குக் குழப்பம் இங்கேதான் பிடித்தது. "ஒரே தண்ணி. ஒரே குளிரு. ஒரே தீனி. அப்பறம் எதுக்கு நூறு தினுசு? நம்ம கம்பெனில ஒரே நூலு, ஒரே மெஷினு, பத்தாயிரம் பீஸும் ஒரே மாதிரித்தான வருது? கெட்டிக்காரன் ஒருத்தன் மத்தவனையெல்லாம் தின்னு முடிச்சிருக்கோணுமில்ல?"

"அதத்தான் படிச்சவங்களே அறுபது வருசமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. இன்னும் முடியல."

படித்தவர்களும் விழிக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். ஆனால் கேள்வி போகவில்லை. மதியம் சோற்றில் ரசத்தை ஊற்றும்போதும் அதுதான் ஓடியது.

வலையை யாரிடமும் கொடுக்காமல் தானே உட்கார்ந்து ஓட்டினார். கூம்பாக வெட்டி, நாலு நூல் ஓவர்லாக் போட்டு, லேபிள் அடித்து, பிசிறு வெட்டி, இரண்டு ஆளை விட்டு இழுக்கச் சொன்னார். அசையவில்லை.

ரோஸ்மேரி வெள்ளை பேசினுக்கு மேல் வலையைத் தொங்கவிட்டு, அடிமுனையில் ஒரு பாட்டிலை மாட்டினாள். சிவப்புப் பொடியைத் தண்ணீரில் கலக்கி மேலே ஊற்றினாள். பொடியின் ஒவ்வொரு மணியும் வலை ஓட்டையைவிடப் பெரிது. தண்ணீர் வெளியே வடிந்தாலும் பொடி பாட்டிலுக்குத்தான் போக வேண்டும், ஒன்றுகூட பேசினில் விழக்கூடாது. கொஞ்ச நேரத்தில் பேசின் அடி குங்குமம் கொட்டினது போல் சிவந்தது.

"துணி மட்டம்," என்றார் தங்கவேலு.

ரோஸ்மேரி தையலைக் கொண்டுபோய், தான் கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். துணி சின்னச் சின்ன ஜன்னலாகத் தெரிந்தது. நடுவே, ஊசி இறங்கின இடமெல்லாம் ஒவ்வொரு கிணறு.

"வலையோட ஓட்டை, தலைமுடிய மூணாக் கிழிச்சா அதுல ஒரு பங்குங்க. ஊசி ஓட்டையில முப்பது பேரு கைகோத்துட்டுப் போயிரலாம்."

"எலி ஒரு எடத்துலதான் கடிச்சுது முதலாளி," என்றாள் பின்னால் நின்ற ஞானசெல்வம். "நீங்க வரிசையா கடிச்சு வச்சிருக்கிய."

அவளைத் தவிர வேறு யார் சொல்லியிருந்தாலும் கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார். ஆனால் அவருக்குக் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். தையல் போட்டால் இடைவெளி அடைபடும் என்றுதான் ஐம்பது வருஷமாக நம்பியிருந்தார். தையலே ஓட்டை என்றால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

வியாழக்கிழமை முழுக்க மண்டையைப் போட்டு உடைத்தார். மழைக்கோட்டு ஆர்டரில் மிஞ்சின டேப் ஞாபகம் வந்தது. சூடுபட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும் சாதி. தையலை ஓரத்தோடு வெட்டி எறிந்தார். காலருக்குள் கஞ்சித்துணி ஒட்டுகிற பியூசிங் மெஷினில், ஊசியே படாமல், உள்ளும் புறமும் டேப் வைத்து அமுக்கி ஒட்டினார். இப்படி ஒரு யோசனை திருப்பூரில் வேறு யாருக்கு வரும்?

வெள்ளிக்கிழமை மறுபடி ஊற்றினார்கள். பேசின் அடியில் சிவப்பு. முன்போல் இல்லை, ஒரு சிட்டிகை. இருந்தாலும் சிவப்பு.

டேப் ஒட்டின இடத்தை ரோஸ்மேரி அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு கிணறும் இல்லை. போர்வெல் தண்ணீரின் துருவாக இருக்குமோ என்று தங்கவேலு கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினார். பேசினில் பழைய கறையோ என்று வேறு பேசின் வைத்தார். அதே சிட்டிகை. மதியம் தாண்டிவிட்டது. ரோஸ்மேரி வாசலுக்குப் போய் போனில் யாரிடமோ, "சரி, பெரிய வலைய மட்டும் பெட்டில வைங்க" என்று சொல்வது கேட்டது. குரல் இறங்கியிருந்தது. வால் முளைத்த முட்டையும் முள்ளுப் பம்பரமும் இல்லாமலே போய்விடுமாம். யாரால்?

தங்கவேலு ஈர வலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். குறுகின முனைக்குக் கொஞ்சம் மேலே, வெளிப்பக்கத்தில், பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. ஒரு கட்டம் போல நாலு பக்கமும் சீராக நின்றது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். அந்தக் கணக்கு யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? உள்பக்கம் திருப்பினால், மயில் படம் போட்ட அவருடைய லேபிள். பனியனுக்குக் கழுத்தில் அடிப்பது போல, குறுகின பக்கத்தைக் கழுத்தென்று நினைத்து முதல் நாளே அடித்திருந்தார். லேபிள் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூட அவர் கம்பெனியை விட்டுப் போனதில்லை.

ரோஸ்மேரி இன்னும் வாசலில்தான் நின்றாள். ஞானசெல்வம் மெஷினில் இருந்தாள். யாரும் பார்க்கவில்லை. துணி மட்டம் என்று இன்னொரு தடவை சொன்னால் முடிந்தது.

"கண்ணு, இங்க வா," என்று கூப்பிட்டார். "டேப்பையே பாத்துட்டிருக்காத. எம் பேருதான் ஓட்டை."

ரோஸ்மேரி பார்த்தாள். ஞானசெல்வம் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "துருவத்துல போயி யாரு முதலாளி லேபிள் பாக்கப் போறா? மீனா?"

"சிரிச்சது போதும், அந்த டேப்பை எடு."

அவரே பிளேடால் நூலைப் பிரித்து லேபிளை எடுத்தார். கிணறுகள் மேல் டேப்பை வைத்து அமுக்கினார். கடைசியாக ஊற்றியபோது மூன்று பேரும் பேசினைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். அடி வெள்ளையாகவே இருந்தது. ரோஸ்மேரி மறுபடி போனை எடுத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் தங்கவேலுவைச் சுற்றிக் கூட்டம். வடதுருவத்துக்கு வலை தைத்த ஆள் தமிழ்நாட்டில் வேறு யார்?

"அதுல என்னங்க மாட்டும்?" என்று கேட்டார் அங்கமுத்து.

"செடிதான். ஆனா அது பூச்சியுந்தான். கண்ணாடி டப்பாக்குள்ள இருக்கும். ஒரு சொம்புல நூறு தினுசு."

"எதுக்குங்க நூறு?"

"அது படிச்சவனுக்கே தெரியல. என்னையக் கேட்டா?"

"உங்க லேபிள் அடிச்சுத்தானுங்க அனுப்புனீங்க?"

தங்கவேலு டீயை ஒரு வாய் உறிஞ்சினார். சட்டைப் பையில் அந்த மயில் லேபிள் கசங்கிக் கிடந்தது.

"அடிக்கல. அடிச்சா பொடிசெல்லாம் ஓடிப்போயிரும்," என்றார்.

அங்கமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கவேலுவுக்கு மட்டும் என்ன, பாதிதான் விளங்கியிருந்தது.