மூடியைத் திறந்து பார்க்காத தொட்டி

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை வெயிலில், ஒரகடம் பக்கம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது.

நான் கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெயின்ட் கெட்டுவிடும் என்பதால் தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர் எதுவும் கூடாது. காற்றடித்து மேலிருக்கும் தூசியைப் போக்கிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். சுத்தத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர்.

என் மனைவிக்குப் புற்றுநோயால் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டு, அங்கே சிலிகான் பை வைத்துச் சீரமைத்திருந்தார்கள். வீடு திரும்பியதும் கண்ணாடி முன் நின்று, "ரெண்டு பக்கமும் சமமா கீதுங்களா?" என்று கேட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

காயம் ஆறும்வரை தண்ணீர் படக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஐந்தாம் நாள் புழுக்கம் தாங்காமல், "ஏங்க, ஒடம்பெல்லாம் பிசுபிசுன்னு கீது. ரெண்டு சொம்பு ஊத்துங்களேன்" என்று கெஞ்சினாள். மனசு கேட்கவில்லை. மாடித் தொட்டித் தண்ணீரைக் குழாயில் பிடித்து நானே ஊற்றினேன். நனைந்த கட்டைப் பிரித்து, காயத்தையும் பதமாகக் கழுவி, புதுக் கட்டுப் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதத்தில் அந்த இடம் சிவந்து நீர் கசிந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. கசிந்த நீரைப் பரிசோதித்ததில் இரண்டு முறை ஒன்றுமில்லை என்றே வந்தது. மூன்றாம் முறை அந்த நீரில் ஏதாவது வளர்கிறதா என்று வாரக்கணக்கில் வைத்திருந்து பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "அபூர்வமா வர்ற கிருமி. டி.பி. கிருமிக்குப் பங்காளி. தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கும். காயத்துல குழாய்த் தண்ணி பட்டுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் ஊத்துனேன் சார்" என்றேன். அதுதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. பையை எடுத்தே ஆக வேண்டும், மாதக்கணக்கில் மருந்து என்றார்.

அன்று சாயங்காலம் மாடியேறித் தொட்டியின் மூடியைத் திறந்தேன். குடிவந்த மூன்று வருடத்தில் அதுதான் முதல் முறை. சுவரெல்லாம் வழவழவென்று பாசி, அடியில் சேறு, அதில் யாருடையதோ ஒற்றை ரப்பர் செருப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"நான்தானே ஊத்தச் சொன்னேன், வுடுங்க" என்றாள் அவள். கடைசியில் கிருமி போய்விட்டது. பையும் போய்விட்டது. மறுபடி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

இன்றும் வேலைக்கு நுழையும்போது அந்தக் காற்று என் மேல் அடித்தால், முகம் தெரியாத யாரோ வாங்கப்போகும் காருக்குப் பார்த்த சுத்தத்தை என் மனைவியின் காயத்துக்குப் பார்க்காமல் போனேனே என்று கூசிப்போகிறேன்.