கிளேபாங்குக்கு ஜெட்டாவைத் தூக்கிக்கொண்டு போன நாள்

சிம்பாங் அம்பாட்டில் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் அவள் மகனின் உயரத்தை நான்தான் குறித்து வந்தேன். ஒவ்வொரு பிறந்த நாளிலும் அவன் தலைமேல் அளவுகோலை மட்டமாக வைத்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதுவேன். தாய்மாமன் என்ற முறையில் அது என் உரிமை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் எழுந்து உலகத்திலேயே உயரமான கட்டடமாக நின்றது. அதைப் பார்க்க அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனோம். மேலே நிமிர்ந்து பார்த்தவன் என் கையிலிருந்து பின்னால் சரிந்தான்; சரிந்தபடியே சிரித்தான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், சுவரில் தன் கோடுகளுக்குப் பக்கத்தில் கட்டடங்களின் உயரத்தையும் அவனே குறிக்க ஆரம்பித்தான். ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். இரட்டைக் கோபுரம் அவன் தொடைக்கு வந்தது. கொஞ்ச காலத்தில் தைப்பே அதைத் தாண்டியது. பிறகு துபாய் ஒரே தாவலாகத் தாவி அவன் இடுப்புக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு ஷாங்காய் வந்தது, கோலாலம்பூரின் புதிய கோபுரம் வந்தது, ஆனால் இரண்டும் துபாய்க்குக் கீழேதான். வீட்டுக்குச் சாயம் அடிக்க வந்தவரிடம் அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னாள் அக்கா. ஆசியா எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால் நான் அவர்களைச் சமையலறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

இப்படி வளர்ந்த பையன் வேறு என்ன வேலைக்குப் போவான்? உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடிச் சுவர் பொருத்தும் பொறியாளன் ஆனான். கோலாலம்பூரின் புதிய கோபுரத்தில் வேலை செய்தான். அங்கே இருந்தபோதுதான் கிளேபாங் ஊர்ப் பெண் ஒருத்தியோடு பழகி, அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றான். அக்காவுக்குப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஜெட்டாவிலிருந்து வேலை வந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகப்போகிற கோபுரம். மாசி மாதம் கிளம்ப வேண்டும்.

பெண்ணின் அப்பா பாலங்களும் சாலைகளும் போட்டு ஓய்வு பெற்ற பொறியாளர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். முதல் தடவை பேசப் போனபோது மரியாதையாகக் காபி கொடுத்து, மரியாதையாகவே குண்டையும் போட்டார்.

"பிள்ளையில குறை ஒண்டும் இல்லை. போய் அந்தக் கோபுரத்தை முடிச்சிட்டு வரட்டும். அதுக்குப் பிறகு கலியாணத்தைப் பார்ப்பம்."

"எப்பண்ணே முடியும்?" என்று அக்கா கேட்டாள்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? உங்கட மகனைத்தான் கேக்கோணும்."

மகனுக்கும் தெரியவில்லை. நடுவில் சில காலம் வேலை நின்று, மறுபடி தொடங்கிய கட்டடம் அது. காத்திருப்போம் என்று அவனும் பெண்ணும் மிடுக்காகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சாப்பாட்டைத் தொடவில்லை. மாசிக்கு முன்னால் கல்யாணம் முடிந்தால் அவளும் கூடப் போகலாம். இல்லையென்றால் ஒரு கட்டடம் வளர்வதைத் தினமும் போனில் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இரண்டாவது தடவை பேச அவர் கூப்பிட்டபோது முன்கூட்டியே எச்சரித்தார்: சும்மா வந்து பேசிவிட்டுப் போனால் போதும், தட்டு எதுவும் வேண்டாம். காரணம் எங்களுக்குப் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டுத் தட்டும் பெண் வீட்டுத் தட்டும் கைமாறிவிட்டால் அது நிச்சயம். நிச்சயம் ஆனால் அங்கேயே தேதி சொல்ல வேண்டும்.

"தட்டு கொண்டு போகல. பலகாரம் கொண்டு போறோம்" என்றாள் அக்கா.

"பலகாரத்தை எதுல வைப்ப?" என்று கேட்டேன்.

"தட்டுல வைக்காம, உன் தலையிலயாடா வைக்கிறது?"

அக்கா ஆர்டருக்குப் பலகாரம் செய்து கொடுப்பவள். தீபாவளிக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் கார்கள் நிற்க இடமிருக்காது. ஆனால் அந்த வாரம் அவள் செய்தது எந்த ஆர்டரிலும் வராத சமாச்சாரம். ஆறு தட்டுகளில் ஆறு கோபுரங்கள். வெற்றிலை பாக்குத் தட்டையும் சேர்த்தால் ஏழு, ஒற்றைப்படை. அளவெல்லாம் சுவரில் இருந்தபடி. அளந்து சொல்லும் வேலை எனக்கு. பத்து பெரண்டாம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். அளவு டேப் எப்போதும் பாக்கெட்டிலேயே இருக்கும்.

இரட்டைக் கோபுரத்தை முறுக்கால் கட்டினாள். சாத்தே கறி சுடும் மூங்கில் குச்சிகளைக் கட்டாகக் கட்டி நிறுத்தி, அதில் முறுக்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்தாள். நடுப்பாலத்துக்கு ஒரு துண்டு எள்ளுருண்டைப் பாகு. தைப்பே முழுக்க அச்சுமுறுக்கு. ஆடாமல் இருக்க நிஜக் கட்டடத்துக்குள் பெரிய இரும்பு உருண்டை ஒன்று தொங்குகிறது என்று அக்கா மகன், என் மருமகன், சொன்னதும், அக்கா உள்ளே ஒரு லட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். யாருக்கும் தெரியாத லட்டு. ஷாங்காயை மட்டும் திருகலாகச் செய்ய வேண்டியிருந்ததால் அதற்குப் பால்கோவா. புதிய கோபுரத்துக்குச் சாய்சதுரமாக வெட்டிய தேங்காய் பர்பி. துபாய்க்குப் படிப்படியாக அடுக்கிய மைசூர்பாகு.

"உள்ளே ஃபோம் கட்டை வெச்சு மேலே பலகாரத்தை ஒட்டிட்டா சுலபம்ல அண்ணி?" என்றாள் என் மனைவி.

"பொய்க்கோபுரமா? பொண்ணு கேக்கப் போறோம், பொருட்காட்சிக்கா போறோம்?"

கடைசியாக ஜெட்டா. கீழே லட்டு, போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் நெய் உருண்டை, உச்சியில் மிளகு அளவுக்கு ஒன்று. இங்கேதான் சண்டை வந்தது.

"அம்மா, அது இன்னும் கட்டி முடியல. இதோ, இந்த அளவுக்குத்தான் வந்திருக்கு. இங்க நிறுத்திடுங்க" என்றான் மருமகன்.

"குறையா வெச்சுக் கொண்டு போறதா? நல்ல காரியத்துக்கு?"

"உண்மை அதானே லா."

"உண்மையெல்லாம் உங்க ஆபீசுல வெச்சுக்க. நான் முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன்."

முடித்தாள். அளந்தேன். அடித்தட்டிலிருந்து உச்சி வரை ஒரு மீட்டரைத் தாண்டியது. மருமகன் போய்ச் சுவரில் ஜெட்டாவுக்கும் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தான். அவனுடைய நான்காவது பிறந்த நாள் கோட்டுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் இருந்தது அது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நாங்களும், பலகாரத்துக்குக் கைகொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்களும். ஆளுக்கொரு நகரம் மடியில். ஜெட்டா என் மடியில் அடங்காததால், பின்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் ஆசியா முழுவதும் ஒரு தடவை எகிறி உட்கார்ந்தது.

"ஐயோ, தைப்பே சாயுது, பிடி பிடி."

"அது சாயாதுக்கா, உள்ளே லட்டு இருக்கு."

"ஷாங்காய யாரு கிள்ளுனது? இங்க ஒரு விரல் தடம் தெரியுது."

"நான் இல்ல. ஏ.சி. காத்துல கரைஞ்சிருக்கும்."

"ஏ.சி. காத்துக்கு நகம் இருக்கா?"

அதற்குமேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் மடி குலுங்கும், மடி குலுங்கினால் கட்டடம் குலுங்கும். அதனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமில்லாமல் சிரித்தோம். மருமகன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, மாசி வரைக்கும் எத்தனை முகூர்த்தம் இருக்கிறது என்று போனில் தேடிக்கொண்டு வந்தான்.

பெண் வீடு ஒற்றை மாடித் தொடர்வீடு. மதிப்புக்காக வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பெண்ணின் அப்பா வெளியே வந்து, வேனிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கியதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னது அவர் முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணம் அவர் குனிந்துவிட்டார்.

"உது தைப்பே அல்லோ?"

"ஆமாண்ணே" என்றாள் அக்கா.

"உது துபாய். படியெல்லாம் சரியா விட்டிருக்கு. ஆர் கட்டினது?"

"நான்தாண்ணே. அளவு தம்பி."

மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஷாங்காயைச் சுற்றி வந்தார். சின்னதிலிருந்து பெரியதாக வரிசையில் உள்ளே போனார்கள். கடைசியில் நான். தாய்மாமன் தூக்க வேண்டிய தட்டு என்று அக்கா சொல்லியிருந்தாள். நிலைவாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். வாசலின் உயரம் எனக்குத் தெரியும், கோபுரத்தின் உயரமும் தெரியும். ஆனால் தட்டை நெஞ்சுக்கு நேரே ஏந்தித்தானே போக வேண்டும்? நெஞ்சும் ஜெட்டாவும் சேர்ந்து தோரணத்தையும் தாண்டி, நிலையின் மேல்கட்டையையும் தாண்டிப் போயின.

"சாச்சுக் கொண்டு போ" என்றது முன்னால் போன வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சாச்சா உதிர்ந்துரும்."

"கீழே வெச்சுத் தள்ளு."

"நல்ல காரியத் தட்டைத் தரையில வைக்கிறதா?" என்று உள்ளேயிருந்து அக்கா அதட்டினாள்.

"உச்சிய மட்டும் எடுத்துரலாம் லா" என்றான் உள்ளே போயிருந்த மருமகன்.

"எடுத்துப் பாரு, அப்புறம் தெரியும்."

தட்டின் எடையில் என் கை ஒரு பக்கம் இறங்கியது. ஒரு நெய் உருண்டை கழன்று என் பாதத்தின்மேல் விழுந்தது. அதைப் பார்த்ததும் பெண்ணின் அப்பாவுக்குள் இருந்த பொறியாளர் விழித்துக்கொண்டார். நிலைக்கு உள்ளே நின்றபடி கை நீட்டப் போனவரை அவர் மனைவி தடுத்தார்.

"நிலைப்படிக்கு இங்கால நிண்டு வாங்காதேங்கோ, கூடாது. வெளியில போங்கோ."

வெறுங்காலோடு வெளியே வந்து, தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ரெண்டு பேரும் ஒண்டா இருந்து எழும்புவம். நான் முன்னால, பின்பக்கமாப் போறன். முழங்காலை மடியுங்கோ. இன்னும். இன்னும்." அவருக்கு எழுபது இருக்கும், எனக்கு ஐம்பத்து மூன்று. முழங்கால் சத்தம் என்னுடையதுதான் பலமாகக் கேட்டது. இருவரும் நண்டுபோலக் குந்தி, முகத்துக்கு முகம் பார்த்தபடி, நடுவில் ஒரு கிலோமீட்டர் கோபுரத்தை வைத்துக்கொண்டு நகர்ந்தோம். உச்சி உருண்டை மாவிலையை லேசாகத் தட்டியது. அவர் நிலைப்படியைக் கடந்தார். நானும் ஒரு காலை உள்ளே வைத்தேன். அதோடு என் முழங்கால் பிடித்துக்கொண்டது.

"என்னால எந்திரிக்க முடியலண்ணே."

"அப்ப விடுங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்."

விட்டேன். அவர் மெதுவாக எழுந்து, தட்டோடு நிமிர்ந்து, தன் வீட்டுக்குள் நின்றார். மாப்பிள்ளை வீட்டுத் தட்டு பெண்ணின் அப்பா கையில்.

முதல் குலவையைப் போட்டது என் மனைவி. அடுத்த நொடி எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று புரிந்தபோது, கீழே வைக்கவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் நின்றார்.

"இது நியாயமில்லை" என்றார். ஆனால் சிரிப்பில் கோபுரம் ஆடியது. ஆடுகிறதே என்று சிரிப்பை நிறுத்தப் பார்த்தார், அதில் இன்னும் ஆடியது.

"நாங்க வெறுங்கையா நிக்கிறோமே அண்ணே" என்றாள் அக்கா, கண்ணை அகல விரித்துக்கொண்டு.

கல்யாணப் பேச்சில் அதுவரை தலையிடாதவர் பெண்ணின் அம்மா. வந்தவர்களுக்காக மேசைமேல் வைத்திருந்த வாழைப்பழத் தட்டை எடுத்தார். அதில் வெற்றிலையையும் பாக்கையும் வைத்தார். கணவரை ஒரு முறை பார்த்துவிட்டு, அக்காவின் கையில் கொடுத்தார். அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் விசும்பல் கேட்டது. அது சிரிப்பு என்று தெரிய எங்களுக்குச் சற்று நேரமாயிற்று.

பெண்ணின் அப்பா மனைவியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மறுக்க வேண்டுமானால் அதுதான் நேரம். எல்லோரும் காத்திருந்தோம். அவர் பெருமூச்சு விட்டு, மேசையைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தார். அப்போதுதான் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவதைக் கண்டார். உச்சிக்கும் இறக்கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"மருமகன்" என்று கத்தினார், "அந்த ஃபேனை நிப்பாட்டும்."

அதுவரை அவனை 'பிள்ளை' என்றும் 'உங்கட மகன்' என்றும்தான் சொல்லியிருந்தார். மருமகன் பாய்ந்து போய் சுவிட்சைத் தட்டினான். இறக்கைகள் தயங்கித் தயங்கி நின்றன. அவர் ஜெட்டாவை மேசைமேல் இறக்கி, இரண்டு பக்கமும் கையால் அணைத்து, நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மாசிக்குப் போகோணும் எண்டால், தையில வைக்க வேணும்" என்று கோபுரத்தைப் பார்த்தபடியே சொன்னார். "தையில மண்டபம் கிடைக்குமோ தெரியாது."

கிடைக்கும் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். யார் எந்த மண்டபம் என்று சொன்னார்கள் என்பது எனக்கே குழப்பமாக இருக்கிறது. பெண் அறையிலிருந்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் நேராகப் போய் அவன் பக்கத்தில் நின்றாள். வேர்த்துக் கொட்டியது, ஃபேனைப் போடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவனும் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.