என் வீட்டுக்கு மாடி இல்லை

எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகல் தெருவில், ஒரு படம் நல்லதா கூடாததா என்று தீர்ப்புச் சொல்வது நான்தான். யாரும் என்னை அதற்கு நியமிக்கவில்லை. மற்றவர்களுக்குப் பொறுமை கிடையாது, எனக்கு உண்டு. எவ்வளவு கூடாத படமானாலும் கடைசி வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் ஏசுவேன். பாதியில் எழும்பிப் போகிறவளுக்கு ஏச உரிமை இல்லை.

பகல் சாப்பாடு முடிந்து ஆண்கள் திரும்ப வேலைக்குப் போன பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் வீட்டு டீவிக்கு முன்னால் வந்து இருப்பார்கள். எனக்கு எழுத்து குறைவு. திரையில் பெயர் ஓடும்போது இரண்டு எழுத்தைக் கூட்டுவதற்குள் அது ஓடிவிடும். அதனால் படத்தின் பெயரோ எடுத்தவன் பெயரோ எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கெட்டுப்போன கறிக்குச் சமைத்தவளின் பெயர் என்னத்துக்கு?

கடற்கரைப் படம் ஒன்று பார்த்தோம். கதாநாயகன் இரவு முழுக்கக் கடலில் கிடந்து கரைக்கு வருகிறான், தலைமயிர் சீவினபடி இருக்கிறது. கூடையில் உள்ள மீனுக்குக் கண் குழிந்துவிட்டது. ஐஸில் கிடந்து கிழமைக்கணக்கான மீன். அதைத் தோளில் வைத்துக்கொண்டு பாட்டு வேறு. நான் மீன்பிடிக்காரனுடைய பெண்சாதியாக இருந்தவள். என் மனுசன் கடலிலிருந்து வந்தால் முதலில் தண்ணீர் கேட்பார், பிறகு ஏசுவார். பாடினது கிடையாது.

இன்னொரு படத்தில் ஒரு தாய் தொடக்கத்திலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். அழுது அழுதே பிள்ளைகளை வளர்த்து, அழுதுகொண்டே மௌத்தாகிவிட்டாள். பக்கத்து வீட்டு மச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மச்சி புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவள், எதற்கும் அழுவாள்.

"என்ன மச்சி, ஒங்களுக்குக் கல்லு நெஞ்சா?" என்றாள்.

"அந்தப் பொம்புள ஒருக்காலாவது அடுப்படிக்குப் போனாளா? புள்ளையள் கண்ணீரக் குடிச்சா வளந்திச்சுதுகள்?" என்று கேட்டேன். பிறகு அவளுக்கும் அழுகை வரவில்லை. படத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் வந்தாள்.

ஆனால் இவையெல்லாம் என்னை ஏமாற்றிய படங்கள் அல்ல. இவற்றிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒரேயொரு படத்தைத்தான் ஆசைப்பட்டுக் காத்திருந்து பார்த்தேன். அது என் கடைசி மகளுடைய கலியாணப் படம். என் வாழ்நாளில் பார்த்த படங்களில் அதைவிடக் கூடாத படம் இல்லை.

நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்கள். அந்தக் கதையை இங்கே சொல்லப்போவதில்லை. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் போதும். வந்து அகதிக் காம்பில் ஒரு கிடுகுக் குடிலில் இருந்தோம், கடைசி மகள் அதற்குள்தான் பிறந்தாள். எங்கள் ஆட்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் மனுசன் மௌத்தான பிறகு கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் வேலை செய்து, சீமெந்துக் கல்லாகச் சேர்த்துச் சேர்த்து இந்த வீட்டைக் கட்டினேன். ஒரு மண்டபம், இரண்டு அறை, குசினி, முன்னால் விறாந்தை. கலியாணத்துக்கு முன்னால் வெளிச்சுவருக்கும் பூச்சுப் பூசி, வாழைக்குருத்து நிறத்தில் பெயின்ட் அடித்தேன். நிறம் நான் தெரிவு செய்தது. பெயின்ட் கடைக்காரன் வெள்ளை அடிக்கச் சொன்னான். அவன் வீட்டுக்கு அவன் அடிக்கட்டும்.

மன்னாரில் எனக்கு மூத்தவள், ஒரு ராத்தா இருக்கிறாள். சண்டை முடிந்ததும் திரும்பிப் போய், வாப்பாவின் பழைய வளவில் வீடு கட்டிக்கொண்டவள். போனில் கதைக்கும் நேரமெல்லாம் ஒரே கேள்விதான்: "நீ இன்னமும் அந்தக் காம்புக்குள்ளதானே கெடக்கிற?" காம்பு இல்லாமல் போய்க் காலம் ஆகிவிட்டது. சொன்னாலும் அவளுக்கு ஏறாது. முழங்கால் வருத்தம் என்று கலியாணத்துக்கும் வரவில்லை. படத்திலாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். ராத்தா என் வீட்டைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் படத்தால் ஆக வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

பெண்கள் பக்கத்தைப் படம்பிடிக்க ஒரு பெண்பிள்ளை வந்தது. கலியாணத்தன்று அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய் எல்லா இடத்தையும் காட்டினேன். "வாசல்ல இருந்து எடு. சுவரக் காட்டு. குசினியையும் விடாத" என்றேன். "ஓம் மாமி, ஓம் மாமி" என்று எல்லாவற்றையும் எடுத்தது. அதற்குச் சில நாள் முன்னால் மகள் ஒரு காலையில் அந்தப் பிள்ளையுடன் காரில் போய் வந்திருந்தாள். கடற்கரையில் படம் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் கேட்கவில்லை.

படம் வர மாதக்கணக்கானது. மருமகன் பென் ட்ரைவைக் கொண்டுவந்து தந்துவிட்டு, பெண்கள் பார்க்கும் படம் என்பதால் வெளியே போய்விட்டார். ஒழுங்கைப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். இனிப்புக்கு வட்டிலாப்பம் வைத்தேன். சம்பந்தியும் வந்திருந்தாள். கதிரை போதாமல் பாய் விரித்தோம்.

முதலில் குர்ஆன் ஓதல். பிறகு எங்கிருந்தோ ஒரு நீர்வீழ்ச்சி. இந்தக் கடற்கரையில் யார் நீர்வீழ்ச்சியைக் கண்டது? பிறகு புறா பறந்தது. பிறகு ஒரு வீடு வந்தது. மேல்மாடி, கண்ணாடிக் கைப்பிடி, வெள்ளைத் தூண், முற்றத்தில் ஓடு பதித்திருந்தது. அந்த மாடிப்படியால் என் மகள் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். கீழே ஏதோ எழுத்து ஓடியது.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

மச்சி வாசித்தாள். "மணமகள் இல்லம்."

"ஆர்ட ஊடு அது?"

சம்பந்தி வட்டிலாப்பத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். இவள்தான் செய்வித்திருக்கிறாள் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். என் வழக்கப்படி படத்தைக் கடைசி வரை பார்த்தேன். சாப்பாடு வந்தது, பெண்கள் சிரித்தார்கள், தாலி கட்டினார்கள். எல்லாவற்றையும் முகத்துக்குக் கிட்டக் கிட்ட எடுத்திருந்தார்கள். ஆட்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் புகை மாதிரிக் கலைத்து, அதன் மேல் பூப் போட்டிருந்தார்கள். என் வாழைக்குருத்து நிறம் ஒரு விரலகலமும் இல்லை. நான் ஓர் இடத்தில் வந்தேன். பாதி முகம்.

எல்லாரும் போகும்போது சம்பந்தியிடம் கேட்டேவிட்டேன்.

"எங்கட ஊடு ஒங்களுக்கு வெக்கமா இருந்திச்சோ?"

அவள் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "என்னட்ட ஏன் கேக்கிறீங்க? ஒங்கட மகள்ட்டக் கேளுங்க."

மகள் குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

"படம் புடிக்கிறதுக்கெண்டு வாடகைக்கு விடுற ஊடு உம்மா. இப்ப எல்லாரும் அப்பிடித்தான் எடுக்கிறாங்க."

"இந்த ஊட்டுக்கு என்ன குற?"

"குற எண்டு ஆரு சொன்ன? நேர்ல பாக்கிறது வேற, படத்தில பாக்கிறது வேற."

"நீ இருக்கிறது எதுக்குள்ள? அந்தக் கண்ணாடி மாடியிலயா?"

அவள் கோப்பையைத் திரும்பவும் கழுவினாள். கழுவினதையே கழுவினாள். இந்தக் குசினிக்கு நான் கல் சுமந்தபோது, ஒவ்வொரு கல்லாகத் தண்ணீர் ஊற்றி நனைத்தவள் அவள்தான். அவளுக்கே இந்த வீடு படத்துக்கு ஆகாது என்று தோன்றியிருக்கிறது. சம்பந்தி செய்திருந்தால் நான் ஏசித் தீர்த்திருப்பேன். இதை யாரிடம் ஏசுவது?

அதற்குள் மகள் படத்தைப் போனில் ராத்தாவுக்கு அனுப்பியும்விட்டாள். மறுநாள் காலையிலேயே ராத்தா போன் எடுத்தாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கேட்டதில்லை.

"மாடி ஊடு கட்டியிருக்கிறியே புள்ள! ஒரு வார்த்த செல்லல்லையே!"

"ராத்தா, அது எங்கட ஊடு இல்ல."

ராத்தா சிரித்தாள்.

"சரி, சரி. நான் ஆர்ட்டயும் செல்ல மாட்டேன்."

"செல்லுறதுக்கு ஒண்டும் இல்ல. வாடகைக்கு எடுத்த ஊடு அது."

"பயப்படாத புள்ள. மாஷா அல்லாஹ் எண்டு செல்லிட்டுத்தான் பாத்தன். என்ட கண்ணூறு படாது."

எங்கள் ஆட்களில் கண்ணூறுக்குப் பயந்து உள்ளதை இல்லை என்று சொல்வது வழக்கம். பிள்ளை கொழுத்திருந்தால் நோய் பிடித்த வருத்தக்காரப் பிள்ளை என்போம். மாடு நிறையக் கறந்தால் வற்றிவிட்டது என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது உண்மையிலேயே இல்லாத ஒன்றை இல்லை என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதாயில்லை. ராத்தா ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் சொன்னாள். மன்னாரிலிருந்து ஒவ்வொருவராக எடுத்தார்கள். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல மாடி உயர்ந்துகொண்டே போனது. ஒருத்தி குளிர் மெஷின் பூட்டிய அறை எத்தனை என்று கேட்டாள். என் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின் மகள், புத்தளத்தில் படிக்க வரும் தன் மகனை எங்கள் வீட்டில் வைத்திருக்கச் சொன்னாள்.

"மேல ஒரு அற சும்மாதானே கெடக்கு?"

"மேல தகரந்தான் கெடக்கு" என்றேன்.

"தர மனமில்லாட்டி நேரா செல்லுங்க" என்று போனை வைத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள்.

"விடுங்களேன் உம்மா, நல்லாத்தானே நெனக்கிறாங்க" என்றாள் மகள்.

நான் என் கையால் கட்டினதை யாரும் காணவில்லை, கட்டாததற்கு ஊரெல்லாம் வாழ்த்துகிறார்கள். இதில் நல்லது எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன வருசம் ராத்தா நேரிலேயே வந்துவிட்டாள். அவளுடைய மகன் கொழும்புக்கு வான் ஓட்டுகிறவன். எங்கள் ஒழுங்கைக்குள் வான் திரும்பாது என்று தாயை றோட்டில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது ஏற்றுவதாகப் போய்விட்டான். நான் போய்க் கைபிடித்துக் கூட்டி வந்தேன். வாசலில் நின்று ஒருதரம் பார்த்தாள். உள்ளே வந்து கதிரையில் இருந்து கூரையைப் பார்த்தாள்.

"படி பின்பக்கமா?"

"படி இல்ல ராத்தா."

நம்பாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் பின்பக்கம் போனாள். அங்கே கிணறு இருந்தது, முருங்கை இருந்தது. திரும்பி வந்து அதே கதிரையில் விழுந்தாள்.

"அடி பாவி! நான் ஊர் முழுக்கச் செல்லிட்டேனே. என்ட முகத்த எங்க கொண்டு வைக்கிற?"

"எங்க வேணுமெண்டாலும் வை. எங்கட மாடியில வைக்க ஏலாது."

உள்ளே மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. ராத்தாவுக்குக் கோபம். தேத்தண்ணியைத் தொடவில்லை. நான் விடவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, அறை அறையாகக் காட்டினேன். யன்னலைத் திறந்து காட்டினேன். குசினியில் புகை போகும் வழியைக் காட்டினேன். படத்தில் ஒரு விரலகலமும் வராததை எல்லாம் காட்டினேன். குசினிச் சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழ் தடவிப் பார்த்தாள்.

"செவரு நேரா இரிக்கி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும். அந்தக் கலியாணத்திலிருந்து நான் காத்திருந்த பேச்சு அது. அன்றைக்கு அவளுக்குக் கணவாய்க் கறி ஆக்கிக் கொடுத்தேன். மகன் வரும் வரைக்கும் மூன்று நாள் இருந்தாள். காம்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. போகும்போது றோட்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன்.

அவள் போய் ஒரு கிழமைக்குள் மன்னாரிலிருந்து இன்னொருத்தி எடுத்தாள்.

"ராத்தா வந்து செல்லிச்சு. மாடியில படுத்தா கடக்காத்து நல்லா வருதாமே! கீழ எறங்கவே மனம் வரல்லையாம்."

சுவரில் வைத்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையோடு ஊருக்குப் போய், அவளும் ஒரு படம் ஓட்டியிருக்கிறாள்.

"மாடி இல்ல" என்றேன்.

"கண்ணூறுக்குப் பயப்படாதீங்க" என்றாள் அவள்.

அதனால்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். ராத்தாவுக்கு எழுத்து நன்றாக வரும், வாசிக்கட்டும். சாச்சியின் மகளும் வாசிக்கட்டும். பெரிய றோட்டில் இறங்கி, உப்பளம் தெரியும் பக்கமாகத் திரும்பி நடந்தால் எங்கள் ஒழுங்கை வரும். வாழைக்குருத்து நிற வீடு ஒன்றுதான் அதில் இருக்கிறது. ஒரு மண்டபம், இரண்டு அறை, குசினி, விறாந்தை, மேலே தகரம். பகலில் வாருங்கள், எல்லாவற்றையும் காட்டுவேன், தேத்தண்ணி தருவேன். படி எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்கள் வாசலோடு திரும்பிப் போகலாம்.