சொல்லிக்கொள்ளக் கதையில்லாத மண்டபம்

என் அக்கா கிறிஸ்டி ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டி முடித்து ஒரு மாதம் கழித்துத்தான் மானகிரியில் அதற்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். முதலில் கட்டியது கம்ப்யூட்டருக்குள்.

1998-ல் காரைக்குடியில் கம்ப்யூட்டர் என்றால் ஜாதகம் பார்க்கவும் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும்தான். அக்கா வேலை பார்த்த எஞ்சினியர் சத்தியமூர்த்தி சார் மட்டும் வீம்புக்கு ஒன்று வாங்கிப்போட்டார். அதில் அக்கா வெறும் கோடு போடவில்லை. சுவரைச் சுவராகவே வைத்தாள். அதன் உயரம் இது, கனம் இது, செங்கல் இத்தனை என்று அந்தச் சுவருக்கே தெரியும். ஒரு ஜன்னலை நகர்த்தினால் மற்ற எல்லாப் படத்திலும் அது தானாக நகர்ந்து உட்காரும். பத்தாவதை முடிக்காத எனக்கே அது புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மண்டபம் முடியட்டும். கம்ப்யூட்டரால நல்லா வந்துச்சுன்னு வீரபாண்டியன் வாயில இருந்து வரணும். வந்தா அடுத்த வேலையும் இதுலதான். வரலைன்னா வித்துருவேன், நீ பழையபடி கையால வரையிற பலகைக்குப் போயிரணும்."

வீரபாண்டியன்தான் மண்டபத்துக்காரர். அக்கா நம்பிக்கையாகத்தான் இருந்தாள். மாடிப்படியில் ஏறுகிறவர்கள் தலை பீமில் மோதும் என்று திரையிலேயே பார்த்துப் படியைத் திருப்பிவிட்டாள். மாப்பிள்ளை அறைக்கு மேலே கக்கூஸ் குழாய் வரவிருந்தது. அதையும் மாற்றினாள். மண்டபம் ஒரு செங்கல்லைக்கூட உடைக்காமல் எழும்பியது.

திறப்பு விழா முடிந்த மறுநாள் சார் அக்காவைக் கூட்டிக்கொண்டு மானகிரி போனார். பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

"எப்படிண்ணே வந்திருக்கு?" என்றார் சார்.

வீரபாண்டியன் மீசையைத் தடவினார். "குறை சொல்ல ஒண்ணுமில்ல எஞ்சினியரே. ஆனா பள்ளத்தூர்ல என் மச்சான் கட்டுற மண்டபத்தப் பாத்தீகளா? மாடிப்படிய ரெண்டு தடவ இடிச்சுக் கட்டிருக்காக. ஊரே போயிப் பாத்துச்சு. ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிச் சொல்லி மச்சான் நெஞ்ச நிமித்துறான். நம்மளுது என்னமோ இட்லி அவிச்ச மாதிரி முடிஞ்சு போச்சு. சொல்லிக்க ஒரு கதையில்ல."

அக்காவால் அடக்க முடியவில்லை. "ஐயா, உங்க படியும் தலையில இடிக்கத்தான் இருந்துச்சு. முன்னாடியே பாத்து மாத்துனோம்."

"எனக்குத் தெரியாம எப்ப இடிச்சுச்சு?"

"கம்ப்யூட்டர்ல இடிச்சுச்சு."

"கம்ப்யூட்டர்ல இடிச்சா மண்டை வீங்குமா தாயி?"

அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சார் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். சீக்கிரம் முடிந்ததா? முடிந்தது, இந்த வருஷம் மழை இல்லை. சிமெண்டு வீணாகவில்லையா? ஆகவில்லை, வீரபாண்டியன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். தப்பு வரவில்லையா? வரவில்லை, சோணைமுத்து கெட்டிக்காரக் கொத்தனார். மழைக்குப் பங்கு கொடுத்தார், மீசைக்குப் பங்கு கொடுத்தார், அக்காவுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

"அடுத்தது கடைக் கட்டடம். இத நானே கையால வரையிறேன். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். கம்ப்யூட்டருக்குத் துணி போட்டு மூடினார்கள்.

சார் சாப்பிடப் போகிற நேரத்தில் அக்கா துணியை விலக்கி அந்தக் கடைக் கட்டடத்தையும் உள்ளே கட்டிப் பார்த்துவிட்டாள். மாடிக் கழிவறைக் குழாய் நேராக ஒரு பீமின் தலையில் இறங்கியது. பீமை உடைத்தால்தான் குழாய்க்கு வழி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாயைத் திறக்காத. கட்டட்டும், ஒடைக்கட்டும். நீ கால் மேல கால் போட்டு உக்காந்திரு. கம்ப்யூட்டர் தானா ஜெயிச்சிரும்."

"ஒடைச்சா பீம் பலம் போயிரும்டா."

"போகட்டும். அப்பத்தான் சாருக்குப் புத்தி வரும்."

"கீழ கடையில ஆள் உக்காந்திருப்பாகடா, பன்னி."

ஆனாலும் ரெண்டு நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். தளத்துக்குக் கம்பி கட்டுகிற அன்று, சார் திருக்கோஷ்டியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அக்கா பஸ் ஏறி நேரே கட்டடத்துக்குப் போய்ச் சோணைமுத்துவிடம் சொன்னாள். அவர் எட்டிப் பார்த்தார். "ஆமா தாயி, அங்குட்டுத் தள்ளிருவோம்" என்று குழாய்க்கு விடும் துளையைப் பீமுக்கு அந்தப் பக்கம் மாற்றினார். அவ்வளவுதான்.

கடைக் கட்டடமும் ஒரு செங்கல்கூட உடைக்காமல் முடிந்தது.

சார் அக்காவைக் கூப்பிட்டார். "பாத்தியா கிறிஸ்டி? கம்ப்யூட்டர் இல்லாமலே ஒரு தப்பும் வரல."

"சார், அந்தக் குழாய்..."

"அதத்தான் சோணைமுத்து சைட்லயே மாத்திட்டாருல்ல. அதுக்குப் பேருதான் அனுபவம்."

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு, "ஆமா சார்" என்றாள். அடுத்த வாரம் கம்ப்யூட்டரைப் பத்திரிகை அடிக்கிற கடைக்காரர் தூக்கிப் போனார்.

அன்று சாயங்காலம் சாரின் ஸ்கூட்டரில் இரண்டு டயரிலும் காற்றில்லை. வாசலுக்கு வந்த அக்கா டயரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. "போயிக் காத்தடிச்சுக் குடுத்துட்டு வா" என்றாள்.

சைக்கிள் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். சார் என் தோளில் தட்டி, "தங்கமான பையன்" என்றார். அவருடைய மதிப்பீடெல்லாம் இந்த லட்சணம்தான்.