தூங்காத யோயோ

சித்தி மகன் என்னைவிட ஒரு வயது இளையவன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவன் எனக்கு அடங்கி இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடை விடுமுறைக்கு மானகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், கையில் யோயோவோடு வந்தான். அவன் அப்பா, அதாவது சித்தப்பா, துபாயிலிருந்து அனுப்பியது.

என்னிடமும் ஒன்று இருந்தது. காரைக்குடியில் அப்பா வாங்கித் தந்தது. கீழே போகும், மேலே வரும், அதோடு சரி. அவனுடையதோ கீழே போய் நூல் நுனியிலேயே நின்று விர்ரென்று சுற்றும். விரலை லேசாகச் சுண்டினால் எழுந்து கைக்கு வரும். அதற்குப் பெயர் தூங்குவதாம். முதல் தடவை பார்த்தபோது அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தரம் போடுய்யா" என்றார். என் யோயோவுக்காக அவர் டம்ளரைக் கீழே வைத்ததே இல்லை.

வாத்தியாரான மாமாவுக்கு யோயோவின் வரலாறும் தெரிந்திருந்தது. கிரேக்க நாட்டுப் பழைய மண்கிண்ணம் ஒன்றில் ஒரு பையன் யோயோ ஆடுகிற படம் இருக்கிறதாம். ரொம்ப காலம் நூலை நடுக்கட்டையில் இறுக்கிக் கட்டித்தான் ஆடினார்களாம். பிலிப்பைன்ஸ்காரர்கள்தான் முடிச்சில்லாமல் வளையமாக மாட்டிப் பார்த்தார்களாம். நான் எங்கே கேட்டேன்? அப்பா அவன் விரலில் நூலை மாட்டிவிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவனே என்னிடம் வந்தான்.

"அக்கா, இதை நீயே வச்சுக்க. ஒன்னோடத எனக்குக் குடு. நாளைக்குப் பூசைக்குப் போகையில பெரியப்பா வண்டியில முன்னாடி நான் நின்னுக்கிறேன்."

மொபெட்டின் முன்பக்கம், அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில் நிற்பது எப்போதும் என் இடம். நின்று நின்று எனக்குச் சலித்துப்போன இடம். இப்படியும் ஓர் ஏமாளியா என்று உடனே வாங்கிக்கொண்டேன்.

வாங்கிப் பார்த்தால் நூல் கட்டாமலே கிடந்தது. கட்டையைச் சுற்றி வெறும் வளையம். எங்கள் வீட்டில் கயிறு தளர்ந்திருந்தால் ஆடு அடுத்தவர் மிளகாய்க் கொல்லையில் நிற்கும், அவர் எங்கள் வாசலில் வந்து நிற்பார். அதனால் ஆட்டுக்குப் போடுகிற முடிச்சையே போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினேன். அதற்குப் பிறகு அது தூங்கவே இல்லை. என் பழையதை எடுத்துக்கொண்டு போனவன் நூலை ஏதோ நோண்டிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் அது தூங்கியது. ஏமாற்றிவிட்டான் என்று அம்மாவிடம் அழுதேன். மாற்றிக்கொண்டது மாற்றிக்கொண்டதுதான் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து திரும்பும்போது அவன் முன்னால், நான் பின்னால். வீட்டுக்குப் பிரியும் சாலை வந்ததும் அவன் அப்பாவின் கைமேல் தன் கையை வைத்தான்.

"பெரியப்பா, அங்குட்டுக் கூடிச் சுத்திப் போவமா?"

அப்பா வண்டியைச் சுற்றுவழியில் திருப்பினார். வழி நெடுக அவன் கால்சட்டைப் பையிலிருந்த யோயோவைத் தொடவே இல்லை.

தூங்குகிற யோயோவும் அவனுக்கு, முன்பக்க இடமும் அவனுக்கு என்று பின்னால் பொருமிக்கொண்டே வந்தேன். சித்தப்பா ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிறது என்று வீட்டில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்துதான் இருந்தது. ஆனாலும், இன்னொருவர் பொறாமைப்படும்படி என்னிடம் எதுவும் இல்லை என்றே அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.