பின்பலகையில் நான்கு விரல்கள்

இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். விரலிடுக்கில் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு இருக்கும். பழைய வயலின்களைப் பூச்சு கெடாமல் சுத்தம் செய்வது அவள் வேலை. வெறும் கையால் வார்னிஷைத் தொட்டதே இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. "தூங்கும்போதாவது அந்தக் கையுறையைக் கழட்டுவியாம்மா?" என்று அடுத்த மேசையில் பியானோ சரிசெய்பவர் கேலி பண்ணுவார்.

அன்று ஒரு வயலின் பெட்டியைக் கொண்டுவந்து பொத்தென்று அவள் முன்னால் வைத்தவள் அவளுடைய அக்கா மகள். பெட்டியைப் பார்த்ததுமே பஞ்சுவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இறந்துபோன அக்காவின் வயலின் அல்லவா!

"சித்தி, பின்னாடி இருக்கிற கையை அழிச்சுக் குடு."

பஞ்சு வயலினைத் திருப்பினாள். தேன் நிற வார்னிஷின் மேல் நான்கு விரல்களின் தடம், அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது.

"அம்மா விரல் சித்தி. தோள்ல வச்சா, பின்னாலேருந்து அவளும் பிடிச்சுக்கிட்டிருக்கிற மாதிரியே இருக்கு. நேத்து பயத்துல வில்லையே கீழ போட்டுட்டேன். அடுத்த வாரம் மேடை ஏறணும். இது போகலைன்னா வயலினை வித்துடுவேன்."

"பெத்தவளைப் பார்த்தா பயம்?"

"இருந்தப்பவே பயம்தான். ஒரு சுரம் தப்பினா போதுமே, முறைப்பாளே!" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பியானோக்காரர் எட்டிப் பார்த்தார். "ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு இழுப்பு இழும்மா. விரலும் போயிடும், பேயும் போயிடும்."

"வார்னிஷும் சேர்ந்து போயிடும். உங்க வேலையைப் பாருங்கண்ணே."

அழுக்கு போகலாம், பூச்சு போகக்கூடாது. அதுதான் அவள் தொழிலின் சட்டம். ஐயோ, இது வெறும் அழுக்காக இருந்துவிடக் கூடாதே! அக்கா இந்த உலகத்தில் விட்டுப்போன கடைசித் தடத்தைத் தன் கையாலேயே துடைத்தெறிவதா? துடைக்காமல் விட்டால் வயலினே யார் வீட்டுக்கோ போய்விடும்.

மென்மையான தூரிகையால் வில்லிலிருந்து உதிர்ந்து படிந்த ரோசின் பிசின் தூளைத் தட்டிவிட்டாள். பிறகு குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் லேசாக நனைத்து, தாடை வைக்கும் கட்டைக்கு அடியில் வெளியே தெரியாத இடத்தில் ஒற்றிப் பார்த்தாள். பஞ்சில் நிறம் ஏறவில்லை; பூச்சு கரையவில்லை.

"சீ, எச்சிலா?"

"இதைவிட மென்மையானது எதுடி இருக்கு? நீ விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு வந்தப்ப உங்க அம்மா என்ன தடவினா?"

அம்மா என்ற சொல்லுக்குத் தந்தி ஒன்று மெல்ல முனகியது. குரல் பட்டால் தந்தி அதிர்வது சாதாரண விஷயம்தான். இருந்தாலும் இருவரும் தந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தேய்க்காமல், அழுத்தாமல், பஞ்சை உருட்டிக்கொண்டே போனாள். கறுப்பு வந்தது. விரல்கள் போகவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, வார்னிஷுக்குள் பதிந்த ரேகைகள்கூடத் துல்லியமாகத் தெரிந்தன. 'அக்கா, நீ போகவில்லை' என்று அவள் நெஞ்சு விம்மியது.

அப்புறம்தான் அது உறைத்தது. விரல்கள் கீழிருந்து மேலாகப் படர்ந்திருந்தன. வாசிக்கிறவள் வயலினை இப்படிப் பிடிப்பாளா? இது குழந்தையை அணைக்கிற பிடி. மோதிர விரலின் ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாய்ந்த கோடு ஓடியது.

பஞ்சு கையுறையைக் கழற்றினாள். எப்போதோ கத்தி வழுக்கி விழுந்த தழும்பு, அதே விரலில், அதே சாய்வில்.

அக்கா இறந்த அன்று, விபத்தான காரிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தவள் பஞ்சுதான். வெயிலில் பெட்டி கொதித்தது. உள்ளே வயலின் வேகிறதே என்று தொழில் புத்தியில் அதை வெளியே எடுத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாலைவரை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளகிய வார்னிஷைத் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு, அன்று கையுறை நினைவே வரவில்லை.

"இது உங்க அம்மா இல்லடி. நான்."

தழும்பையும் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள் அக்கா மகள். பயம் வடிந்த முகம் மெல்ல வெறிச்சோடியது.

"அப்ப அம்மா எங்க சித்தி?"

பஞ்சு வயலினை முன்பக்கம் திருப்பி, கழுத்தையொட்டிய வளைவைக் காட்டினாள். அங்கே வார்னிஷே இல்லை, வெறும் மரம். "இங்க. அவ கை பட்டுப் பட்டுத் தேஞ்ச இடம். பூசித் தரேன்னு எவன் வந்தாலும் விட்டுடாத."

அக்கா மகள் அந்த மரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"விக்கலை சித்தி. பின்னால பிடிச்சிருக்கிறது நீதானே? விடாத."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலினைத் தோளில் ஏற்றினாள். வில்லைத் தூக்கினாள். வில் இறங்கும் முன்பே, யாரும் வாய் திறக்காமலேயே, அந்தத் தந்தி மறுபடி முனகியது.

பஞ்சு திரும்பிப் பியானோக்காரரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "நான் எந்தக் கட்டையையும் தட்டலைம்மா."