நண்டுப் பைக்குக் காவல் நின்றவள்

அந்தமானில் எங்கள் ரங்கத் பேருந்து நிலையத்தில் காலை வண்டிக்கு ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. பையை வரிசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். என் பையைத் தொட இதுவரை ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அன்று டீக்கடைக்காரர் என்னை அவசரப்படுத்தினார். “அம்மா, ஜல்தி போங்க! உங்க பைகிட்ட ஒரு பொண்ணு நின்னு கத்துது.”

பதினேழு வயதிருக்கும். ஒல்லியான மெயின்லேண்டுப் பெண். தன் துணிமணிகளை, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். என் பைக்குள் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டு, “யாரும் கிட்ட வராதீங்க!” என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் நகரவில்லை.

“உள்ள இருக்கிறது நண்டுடீ! போர்ட் பிளேர்ல என் மகளுக்குக் கொண்டு போறேன். திறந்து காட்டவா, போலீஸம்மா?” என்றேன்.

நண்டைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க ஊர் மார்க்கெட்டுல இப்படித்தான் பாட்டி, ஆளில்லாம ஒரு பை இருந்துச்சு. உள்ள குண்டு. என் தம்பி அது பக்கத்துல நின்னான்.”

“அப்போ நீ ஏன்டீ ஓடல?”

“ஒருத்தர் நின்னு சொன்னாத்தானே மத்தவங்க தள்ளிப் போவாங்க.”

வண்டி வந்ததும் கடைசி இருக்கையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். அதன்பின் அவளை நான் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் நான் பையோடுதான் நிற்கிறேன். முட்டி வலிக்கிறது. “வெச்சுட்டு வாங்கம்மா” என்று டீக்கடைக்காரர் சிரிக்கிறார். நான் போவதில்லை. அவள் எங்களைக் காக்க நின்றாளா, தம்பி பக்கத்தில் நிற்பதாக நினைத்து நின்றாளா? ஆளில்லாத அந்த வரிசையில் நின்று யோசித்துக்கொண்டிருப்பேன்.